மூன்று சிலுவைகளும் ஒரு செம்புத் தகடும்

செவ்வாய், ஆம்ஸ்டர்டாம்

நெதர்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1653ஆம் ஆண்டில் உருவாக்கிய, கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்ட காட்சியைக் காட்டும் ‘மூன்று சிலுவைகள்’ என்னும் அச்சோவியத்தைப் (செம்புத் தகட்டில் கீறித் தாளில் அச்சிடும் படத்தைப்) பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை, அதிலுள்ள ஒளியையும் இருளையும் சமய அனுபவமாகவே விளக்குகின்றன. அந்த விளக்கங்கள் தவறானவை என்று நான் கருதவில்லை. ஆயினும் அந்த ஒளியும் இருளும் எந்தப் பொருளின் மேல், யாருடைய கை உழைப்பால் உண்டாயின என்று அறியாமல் அவற்றுக்குப் பொருள் சொல்வது பாதிப் படிப்பாகவே நின்றுவிடும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. மறுபாதியைத் தேடியே இந்தப் பயணம்.

யோடன்பிரேஸ்ட்ராட் தெருவில் இருக்கும் ரெம்பிராண்ட் இல்லத்திற்கு இன்று காலை சென்றேன். 1639இல் 13,000 கில்டருக்கு (அக்கால டச்சு நாணயம்) அவர் வாங்கிய இந்த வீடு, 1656இல் அவர் நொடித்துப்போனபின் கைமாறியது. 1911 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நொடிப்பின்போது எடுக்கப்பட்ட 363 இனங்கள் கொண்ட பொருட்பட்டியலைத் துணைக்கொண்டு அறைகளை மீட்டமைத்திருக்கிறார்கள். அறைகலன்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறிவிட்டேன். நான் வந்தது அச்சு செய்து காட்டும் அறைக்காக.

செம்புத் தகட்டில் படம் எழுத இரண்டு வழிகளை அங்கே காட்டினார்கள். எட்சிங் முறையில் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறி, பிறகு தகட்டை அமிலத்தில் இடுகிறார்கள். கீறிய இடத்தில் செம்பை அரிக்கும் வேலையை அமிலம் பார்த்துக்கொள்வதால், கைக்குக் காகிதத்தில் எழுதும் அளவுக்கே சிரமம். டிரைபாயிண்ட் முறையில் பூச்சும் இல்லை, அமிலமும் இல்லை. கூரிய எஃகு ஊசியை வெறும் செம்பில் அழுத்தி இழுக்க வேண்டும். அப்போது, ஏர் உழுத சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதைப்போல, கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழுந்து நிற்கிறது. மை கோட்டுக்குள் தங்குவதைவிட இந்தப் பிசிறின் அடியில்தான் மிகுதியாகத் தங்குகிறது. அச்சில் அது கூர்மையான கோடாக வராமல், விளிம்பு கரைந்த, வெல்வெட்டைப்போன்ற கருமையாக வருகிறது.

ரெம்பிராண்ட் ‘மூன்று சிலுவைகள்’ படத்தில் டிரைபாயிண்ட் ஊசியையும், ஓரளவு செதுக்குளியையுமே பயன்படுத்தினார். அமிலத்தின் உதவியை நாடவில்லை. தகடு ஏறக்குறைய 38.5 சென்டிமீட்டர் உயரமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அவ்வளவு பெரிய பரப்பை வெறும் ஊசியால் கீறுவது அக்காலத்தில் வழக்கமான செயல் அன்று. மேலிருந்து பாயும் ஒளிக்கற்றைகளை நேர்கோடுகளாக எழுதியதற்குக் கலை நோக்கத்தோடு இன்னொரு காரணமும் உண்டு என்று, செய்முறையைப் பார்த்த பிறகு தோன்றியது. செம்பு வளைகோட்டை எளிதில் தருவதில்லை. நேராக இழுக்கும் கைக்கே அது இணங்குகிறது.

பிறகு அச்சிடுதல். தகட்டைச் சற்றுச் சூடாக்கி, ஆளி விதை எண்ணெயில் குழைத்த கரிய மையை எங்கும் பூசி, வலைத்துணியால் சுழற்றிச் சுழற்றித் துடைத்து, கடைசியில் உள்ளங்கையின் ஓரத்தால் மெல்ல வழிக்கிறார்கள். முழுவதும் துடைத்தால் தாளின் வெண்மை தெரியும். கொஞ்சம் மையை விட்டுவைத்தால் அந்த இடம் மூட்டமாகப் பதியும். ஆகவே படத்தில் எங்கே பகல், எங்கே அந்தி என்பதன் ஒரு பகுதி தகட்டில் எழுதப்படுவதே இல்லை. ஒவ்வொரு படிக்கும், அதாவது ஒவ்வொரு அச்சுப் பிரதிக்கும், அதைத் துடைக்கும் கை புதிதாகத் தீர்மானிக்கிறது. ஈரமாக்கிய தாளை மேலே இட்டு, கம்பளித் துணிகளால் போர்த்தி, சக்கரத்தின் கைகளைப் பிடித்து இழுத்து உருளைகளுக்கு இடையே செலுத்தியபோது, அச்சிட்டவர் தம் உடல் எடை முழுவதையும் அதில் சாய்த்தார்.

புதன், ஆம்ஸ்டர்டாம்

இன்று எழுத அதிகம் இல்லை. செம்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கிளோவெனியர்ஸ்புர்க்வால் கால்வாய்க் கரையில் உள்ள டிரிப் மாளிகையைப் பார்க்கப் போனேன். சுவீடனின் இரும்பையும் ஆயுதங்களையும் விற்றுப் பொருள் ஈட்டிய டிரிப் குடும்பத்துச் சகோதரர் இருவருக்காக 1660 முதல் 1662 வரை கட்டப்பட்டது அது. புகைபோக்கிகளைக் குறும்பீரங்கி வடிவில் செய்து வைத்திருக்கிறார்கள். தொழிலை மறைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த செம்பில் பெரும்பங்கு சுவீடனின் ஃபாலுன் சுரங்கத்திலிருந்து கிடைத்தது. அந்த வணிகத்தின் பெருஞ்சந்தைகளில் ஒன்று ஆம்ஸ்டர்டாம். நாணயமும் பீரங்கியும் கப்பற்பொருளும் ஆன அதே உலோகத்தின் சிறு துண்டுகளே அடித்து, தட்டையாக்கி, மெருகேற்றி ஓவியர்களிடம் சென்றன.

1817 முதல் 1885 வரை, நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ் அருங்காட்சியகம் இந்த மாளிகையில்தான் இயங்கியது. உலோக வணிகரின் வீட்டுக்குள் செம்பில் பிறந்த படங்கள் வந்து தங்கியிருந்தன என்பதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். அதற்குமேல் பொருள் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

வியாழன், ஆம்ஸ்டர்டாம்

முன்பே எழுதி அனுமதி பெற்றிருந்ததால், ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் அச்சோவிய ஆய்வறையில் இன்று முழுநாளும் உட்கார முடிந்தது. பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு போக வேண்டும். சட்டமும் கண்ணாடியும் இல்லாமல், அட்டையில் பொருத்திய தாளை நேர்முன்னே வைத்துக்கொண்டு, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கும்போதுதான் அச்சோவியம் ஒரு பொருள் என்பது புலப்படுகிறது. தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் தெரிகிறது. மை தாளின் மேல் மெலிதாக மேடிட்டு நிற்பதும் தெரிகிறது.

தகட்டில் ஏதேனும் மாற்றம் செய்து மீண்டும் அச்சிட்டால் அதை அடுத்த ‘நிலை’ என்று கணக்கிடுவார்கள். ‘மூன்று சிலுவைகள்’ ஐந்து நிலைகளில் கிடைக்கிறது. முதல் மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடுகள் சிறியவை. நடுவில் கிறிஸ்து, இருபுறமும் கள்வர்கள். மேலிருந்து கூம்பாக இறங்கும் ஒளி. அந்த ஒளியில் குதிரையை விட்டிறங்கி மண்டியிட்டிருக்கும் ரோமப் படையின் நூற்றுவர் தலைவன். ஒரு பக்கத்தில் துயருறும் தாயும் அவளைச் சூழ்ந்தவர்களும். முன்புறத்தில் அந்த இடத்தைவிட்டு விரைந்து விலகும் இருவர். லூக்கா நற்செய்தி சொல்லும் அந்த நடுப்பகல் இருட்டில், ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று பிரித்தறிய முடிகிறது. கையொப்பமும் ஆண்டும் மூன்றாம் நிலையில்தான் வருகின்றன.

நான்காம் நிலையை அதன் அருகே வைத்தால், முதலில் அது வேறொருவர் வரைந்த வேறு படம் என்றே தோன்றும். கூட்டத்தின் பெரும்பகுதியை ரெம்பிராண்ட் சுரண்டித் தேய்த்து அழித்திருக்கிறார். மண்டியிட்ட தலைவன் இருந்த பக்கத்தில், உயரமான தொப்பி அணிந்த ஒரு குதிரைவீரன் பக்கத்தோற்றத்தில் அசையாமல் நிற்கிறான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ வார்த்த பதக்கம் ஒன்றிலிருந்து எடுத்த உருவம் அது. பின்னால் ஒரு குதிரை மிரண்டு முன்கால் தூக்குகிறது. மேலிருந்து கீழே கனமான கோடுகள் சாரிசாரியாக இறங்கி, வலப்புறத்துக் கள்வனை ஏறக்குறைய விழுங்கிவிடுகின்றன. முன்பு ஒளியாக இருந்த கோடுகள் இங்கே மழையைப்போல, இருட்டைப்போல விழுகின்றன.

இந்த மாற்றத்திற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம் அகத்தைச் சார்ந்தது: ஓவியர் முதிர்ந்தார், துயருற்றார், மரணத்தை இன்னும் ஆழமாகக் கண்டார் என்பது. நான்காம் நிலையை நெடுங்காலம் 1660ஐ ஒட்டியது என்று கணித்ததும் இந்த விளக்கத்திற்கு வசதியாக இருந்தது. முதல் நிலைகளுக்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே செய்யப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணிப்பை ஏற்றால் முதுமையின் துயரம் என்ற கதைக்கு அடித்தளம் இல்லாமல் போகும்.

செம்பு சொல்லும் காரணம் எளியது. செவ்வாயன்று கண்ட பிசிறு மெல்லியது. உருளையின் கீழ் ஒவ்வொரு முறை போகும்போதும், ஒவ்வொரு முறை துணி அதன் மேல் சுழலும்போதும், அது மடங்குகிறது, உடைகிறது. அமிலம் அரித்த தகடு சில நூறு படிகளைத் தாங்கும்போது, டிரைபாயிண்ட் சில பத்துப் படிகளுக்குள்ளேயே தன் கருமையை இழக்கத் தொடங்குகிறது. பிசிறு போனபின் எஞ்சுவது மெலிந்த சாம்பல் நிறக் கோடு. ஒளிக்கு எதிராக நிற்க வேண்டிய கருமை இல்லாவிட்டால் ஒளியும் ஒளியாக இராது. வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மூன்றாம் நிலையின் பிற்படிகளில் இந்தச் சோர்வு கண்ணுக்கே தெரிகிறது. எனவே தகட்டைக் கைவிடுவது, அல்லது மீண்டும் கீறுவது என்ற இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டிய கட்டத்தில் ரெம்பிராண்ட் நின்றார்.

இங்கே எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். தேய்ந்ததைப் புதுப்பிப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், பழைய கோடுகளின் மேலேயே ஊசியை ஓட்டியிருக்கலாம். பல பதிப்பாளர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆகவே தேய்மானம் படத்தின் பொருளை முடிவு செய்தது என்று சொல்வது மிகை. தேய்மானம் அவரை மீண்டும் தகட்டின் முன் உட்கார வைத்தது, அவர் உட்கார்ந்தபோது கூட்டத்தின் கதை ஏற்கெனவே பாதி மங்கியிருந்தது, மங்கிக்கொண்டிருந்த மனிதர்களை மீட்பதற்குப் பதிலாக அவர்களை இருளுக்கே விட்டுக்கொடுத்தார் என்பது என் வாசிப்பு. செம்பு தொடங்கிவைத்த மறைதலை அவர் முழுமையாக்கினார்.

பணத்தின் கணக்கும் உண்டு. 1653இல் வீட்டின் நிலுவைத் தொகைக்காக நெருக்கப்பட்ட ரெம்பிராண்ட், கொர்னேலிஸ் விட்சனிடம் 4,180 கில்டரும் யான் சிக்ஸிடம் 1,000 கில்டரும் கடன் வாங்கினார். சிறு மாற்றங்கள் செய்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப விற்றார் என்று 1718இல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆர்னால்ட் ஹௌப்ராக்கென் குறைபட்டு எழுதினார். ரெம்பிராண்டின் யூனோ (ரோமானியப் பெண் தெய்வம்) படத்தில் முடியணிந்ததும் முடியில்லாததும் இரண்டுமே கையில் இல்லாதவரை ரசிகர் என்று எவரும் மதிக்கவில்லையாம். அந்தக் கேலியில் உண்மை இருக்கலாம். ஆனால் நான்காம் நிலையின் முன் உட்கார்ந்தவருக்கு, வணிகத் தந்திரம் மட்டுமே இவ்வளவு செம்பைச் சுரண்ட வைத்திருக்கும் என்று நம்புவது கடினம். சுரண்டுவது, கீறுவதைவிடக் கடும் வேலை.

வெள்ளி, ஆம்ஸ்டர்டாம்

இன்று அதே ஆய்வறையில் மை ஏறிய பரப்பையே கவனித்தேன். தாளைப் பற்றியே குறிப்பெடுத்தேன்.

‘மூன்று சிலுவைகள்’ படத்தின் முதல் நிலைப் படிகளில் பல கன்றுத்தோலில் அச்சிடப்பட்டவை. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி உலர்த்திச் செய்யும் அந்தப் பரப்பு மையை உறிஞ்சுவதில்லை. மை மேலேயே நின்று பக்கவாட்டில் பரவுகிறது. ஏற்கெனவே விளிம்பு கரைந்த டிரைபாயிண்ட் கோடு, தோலின் மேல் இன்னும் கரைகிறது. ஆகவே தோலில் அச்சான படிகளில் உருவங்கள் ஒளியில் நனைந்து உருகுவதுபோல் இருக்கும். தாளில் அச்சான படிகளில் அவர்கள் தனித்தனி மனிதர்களாக இருப்பார்கள். தகடு ஒன்றுதான், கோடுகளும் அவையே. ஒன்றைப் பார்த்தவர் அருளைப் பற்றிப் பேசுவார், மற்றொன்றைப் பார்த்தவர் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவார். இருவரும் ஒரே தலைப்பை மேற்கோள் காட்டுவார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜப்பானில் தெசிமா தீவிலிருந்து கொண்டுவந்த தாள் இன்னொரு வகை. 1640களில் அது கப்பல்களில் வந்தது; ரெம்பிராண்ட் 1647இல் செய்த யான் சிக்ஸ் உருவப்படத்தின் சில படிகளிலேயே அதைக் காணலாம். மென்மையும் இளமஞ்சள் சாயலும் கொண்ட அந்தத் தாள் சிறு அழுத்தத்திலேயே மையை வாங்கிக்கொள்வதால், பிசிறைச் சற்றுக் காப்பாற்றவும் செய்கிறது.

அந்தத் தாளின் அளவு ஒரு படத்தின் அமைப்பையே மாற்றியதற்குச் சான்று 1655இல் செய்த ‘மக்கள் முன் நிறுத்தப்பட்ட கிறிஸ்து’. தகடு ஜப்பானியத் தாளைவிடப் பெரிதாக இருந்ததால், தொடக்கப் படிகளில் மேலே ஒரு துண்டுத் தாளை ஒட்டி நீட்டி அச்சிட்டார். ஒவ்வொரு முறையும் ஒட்டுவது அலுத்துப்போயிருக்க வேண்டும். பிறகு தகட்டின் மேல்விளிம்பையே வெட்டிவிட்டார். கட்டடத்தின் மேற்பகுதி குறைந்து, அந்த மேடை நம்மை நெருங்கி வருகிறது. பிற்பட்ட நிலைகளில் மேடையின் முன் நின்ற கூட்டத்தையும் சுரண்டி நீக்கினார். கூட்டம் போனபின் கிறிஸ்துவுக்கு எதிரே நிற்பவர் பார்வையாளர்தான். ‘மூன்று சிலுவைகள்’ போலவே இதுவும் டிரைபாயிண்ட். இங்கும் முன்வரிசைக் கூட்டம் தேய்ந்துகொண்டிருந்தது. ஒரே மாதிரித் தேய்மானத்திற்கு ஒரு தகட்டில் இருளையும் மற்றொன்றில் வெறுமையையும் அவர் விடையாகத் தந்திருக்கிறார்.

சனி, வெஸ்ட்சான்

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, சான் ஆற்றுப் பகுதியில் உள்ள ‘டி ஸ்கோல்மேஸ்டர்’ என்ற காகிதக் காற்றாலை 1692இல் கட்டப்பட்டது. இன்றும் காற்றின் வலிமையால் காகிதம் செய்கிறது. ரெம்பிராண்ட் 1669இல் இறந்துவிட்டதால் இந்த ஆலையின் தாளை அவர் தொட்டிருக்க முடியாது. அவர் காலத்தில் அச்சுக்கு ஏற்ற தாள் பெரும்பாலும் பிரான்சு, சுவிட்சர்லாந்து, ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து வந்தது. கந்தலை அரைக்கும் கத்தி உருளைத் தொட்டியும் அப்போது பரவியிருக்கவில்லை. நீர்ச்சக்கரத்தால் இயங்கிய உலக்கைகள் இடித்துக் கூழாக்கின. ஆயினும் கந்தல் தாளாகும் வழியை நேரில் காண வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மூலப்பொருள் பழந்துணி. அக்காலத்தில் உடுத்தித் துவைத்து நைந்த லினன் ஆடைகளைப் பொறுக்கிச் சேர்த்து ஆலைக்கு விற்றார்கள். தரம் பிரித்து, பொத்தான்களையும் தையல்களையும் நீக்கி, துண்டாக்கும் தூசி நிறைந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். கூழை ஒருவர் கம்பிச் சல்லடையில் அள்ளிக் குலுக்க, அடுத்தவர் அதைக் கம்பளியில் கவிழ்க்க, மூன்றாமவர் பிழிந்த தாள்களைப் பிரித்தெடுத்தார். நைந்த துணியே நல்ல தாளாகும் என்பதை மறந்துவிடக் கூடாது. பல உடல்களின் வியர்வையும் பல சலவைகளும் இளக்கிய நார்தான், ஈரமானதும் நெகிழ்ந்து தகட்டின் கீறலுக்குள் இறங்கி மையை ஏந்தி வருகிறது.

சல்லடையில் கம்பியால் தைத்த குறி தாளில் நீர்க்குறியாகத் தங்குகிறது: கோமாளித் தொப்பி, அல்லி மலர், ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம். வேலை செய்யச் செய்ய அந்தக் கம்பி நெளியும், இடம் பெயரும். எரிக் ஹின்டர்டிங் போன்ற ஆய்வாளர்கள் இந்த நெளிவுகளை ஒப்பிட்டே, எந்தப் படி எந்தக் காலத்தில் அச்சானது என்று கணிக்கிறார்கள். நான்காம் நிலையின் காலம் பற்றிய விவாதத்தில் இத்தகைய தடயமே பேசுகிறது. ஏதோ ஓர் ஆலையில் தொட்டியின் முன் நின்றவரின் கை அசைவு, ரெம்பிராண்டின் முதுமை பற்றிய ஒரு கோட்பாட்டை ஆட்டம் காணச் செய்கிறது.

ஞாயிறு, ஆண்ட்வெர்ப்

ரயிலில் பெல்ஜியத்திற்கு வந்தேன். பிளாண்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இரண்டு மர அச்சுப்பொறிகள் உலகில் எஞ்சியவற்றுள் மிகப் பழையவை, 1600ஐ ஒட்டியவை. அச்சகர் கிறிஸ்டோஃப் பிளாண்டின் 1576இல் குடியேறிய இந்தக் கட்டடம் 2005 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் உள்ளது. ரெம்பிராண்டுடன் நேரடித் தொடர்பு இல்லாத இடம்தான். இங்கு என்னை இழுத்தது கணக்கேடு.

ஈய எழுத்து மேடானது, செம்புக் கோடு பள்ளமானது. இரண்டையும் ஒரே பொறியில் அச்சிட இயலாது. ஆகவே செம்புத் தகட்டுப் படங்கள் கொண்ட புத்தகம் என்றால், எழுத்து அச்சான தாள்களை உருளைப் பொறி வைத்திருப்பவரிடம் அனுப்பி, விடப்பட்ட இடத்தில் படத்தைப் பதிப்பித்து வாங்க வேண்டும். பிளாண்டினுக்கு அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்து கொடுத்தவர் மிங்கென் லீஃப்ரிங்க் என்ற பெண். அவருடைய பட்டறை வாங்கிய கூலி பிளாண்டின் நிறுவனத்தின் ஏடுகளில் இருப்பதால்தான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது வரைந்தவரையும் செதுக்கியவரையும் குறிப்பிடுகிறோம். மையின் அடர்த்தியைப் பற்றிப் பேசினால், அப்போது நாம் புகழ்வது லீஃப்ரிங்கின் பட்டறையை.

ரெம்பிராண்டின் பட்டறையிலிருந்து அப்படிப்பட்ட கணக்கேடு எதுவும் எஞ்சவில்லை. முதல் நிலைகளின் மை மூட்டங்களில் பலவற்றை அவரே துடைத்து அமைத்திருப்பார் என்று நம்பலாம். சோதனை செய்யும் ஒருவரின் தயக்கமும் துணிவும் அவற்றில் தெரிகின்றன. எல்லாப் படிகளுக்கும் சக்கரத்தை அவரே இழுத்தார் என்று கொள்ள வேண்டிய தேவையில்லை. மாணவர்கள் நிறைந்த வீடு அது.

ஐந்தாம் நிலையைப் பற்றி இன்னும் எழுதவில்லை. தகடு பின்னர் ஃபிரான்ஸ் காரெல்சே என்ற பதிப்பாளர் கைக்குப் போனது. அவர் படத்தில் எதையும் மாற்றவில்லை. தம் பெயரை மட்டும் தகட்டில் பொறித்து அச்சிட்டார். அந்தப் படிகளை மட்டமானவை என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். பிசிறு போய், கருமை தளர்ந்து, செங்குத்தான கோடுகளின் எலும்புக்கூடு மட்டும் தெரியும் அவற்றில்தான், நான்காம் நிலையின் இருளை எத்தனை தனித்தனி இழுப்புகளால் ரெம்பிராண்ட் கட்டினார் என்று எண்ணிப் பார்க்க முடிகிறது. நல்ல படிகளில் மை அந்த உழைப்பை மூடிவிடுகிறது.